டிரஸ்ட் பெயரில் நிலம் வாங்கினால் நம் பெயர் வெளியே தெரியாதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) பிறந்து, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பெண். சொந்தச் சம்பாத்தியத்தில் அரவேணு பக்கம் 18 சென்ட் நிலமும் அதிலிருக்கும் பழைய வீடும் வாங்கப் போகிறார். தாத்தாவின் தேயிலைத் தோட்டத்துக்குப் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது. அதனால் பெரியப்பா, சித்தப்பாக்களுக்கு இது இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன், "ஒரு டிரஸ்ட் போட்டு அதன் பெயரில் வாங்கிடு, உன் பெயர் எங்கேயும் வராது" என்று சொல்லியிருக்கிறார். இங்கே அது செல்லுமா?

பாதி செல்லும். உங்கள் பெயர் வராமல் செய்யலாம், ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் பெயர் வந்து உட்காரும். அவரிடமிருந்து உங்களைக் காப்பாற்றுவது காகிதம்தான். காகிதத்தில் எவ்வளவுக்கு எவ்வளவு மறைக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்தப் பாதுகாப்பும் குறையும். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அத்தை மகன் சொன்னது பொய்யில்லை. இல்லினாய் மாநிலத்தில் 'லேண்ட் டிரஸ்ட்' என்ற ஏற்பாடு ரொம்ப காலமாக உண்டு. ஃப்ளோரிடாவில் அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே பதிவேட்டில் டிரஸ்டியின், அதாவது சொத்தை நிர்வகிப்பவரின், பெயர் மட்டும் இருக்கும். பயனாளி யார் என்பது பதிவாகாத ஒரு ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பயனாளி சொல்கிறபடிதான் டிரஸ்டி நடக்க வேண்டும். இது அந்தந்த மாநிலச் சட்டம் கொடுக்கும் வசதி. நமக்கு இருப்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். அது வேறு கணக்கு.

நம் ஊரில் டிரஸ்ட் என்றால் பள்ளிக்கூடமோ கோயிலோ அன்னதானமோதான் நினைவுக்கு வரும். அவை பொது டிரஸ்ட்கள். நீங்கள் கேட்பது தனியார் டிரஸ்ட்: ஒருவர் சொத்தைக் கொடுக்கிறார், இன்னொருவர் அதை டிரஸ்டியாக வைத்து நிர்வகிக்கிறார், குறிப்பிட்ட சிலர் பயன் பெறுகிறார்கள். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், கம்பெனியைப் போல டிரஸ்டுக்குத் தனி ஆள் அந்தஸ்து நம் சட்டத்தில் இல்லை. சொத்து டிரஸ்டியின் கையில்தான் இருக்கும். பத்திரத்திலும் "இன்ன டிரஸ்டுக்காக அதன் டிரஸ்டி இன்னார்" என்றுதான் எழுத வேண்டும். நீங்களே டிரஸ்டியாக இருந்தால் உங்கள் பெயர், தந்தை பெயர், முகவரி, போட்டோ, கைரேகை எல்லாம் அந்தக் கிரையப் பத்திரத்தில் வந்துவிடும். பிறகு எதற்கு டிரஸ்ட்?

இப்போது பதிவேடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்போம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். 57-ஆம் பிரிவு அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்கிறது. காரணம் கேட்க மாட்டார்கள். முன்பு இதற்குப் பத்திர ஆபீஸ் வரைக்கும் போய் நிற்க வேண்டும். இப்போது பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வில்லங்கச் சான்று காசில்லாமல் திரையில் வந்துவிடும்: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, தொகை உட்பட. அதற்கு மேல் பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் இருக்கின்றன. சித்தப்பாவுக்குச் சர்வே எண் தெரிந்தால் போதும். மருமகன் போனில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அதே சட்டத்தில் 4-ஆம் புத்தகம் என்று ஒன்று உண்டு. அசையாச் சொத்தைத் தொடாத பத்திரங்கள் அதில் ஏறும். அதன் நகல் பத்திரத்தை எழுதியவருக்கும், அதன் கீழ் உரிமை கோருகிறவருக்கும், அவர்களுடைய பிரதிநிதிக்கும் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் கேள்விக்கான உண்மையான வழி இங்கே இருக்கிறது. நிலத்தை நேரடியாக வைத்து டிரஸ்ட் எழுதினால் டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி அது பதிவாகியே ஆக வேண்டும், அது 1-ஆம் புத்தகத்தில் ஏறும், பயனாளி பெயரோடு ஊருக்கே திறந்துவிடும். அதற்குப் பதில் முதலில் ஒரு சிறு ரொக்கத் தொகையை வைத்து டிரஸ்ட் பத்திரம் எழுதி, அதை 4-ஆம் புத்தகத்தில் பதிவு செய்து, டிரஸ்ட் பெயரில் பான் எடுத்து, வங்கிக் கணக்கு திறந்து, உங்கள் பணத்தைக் கணக்கு வழியாக அதில் செலுத்தி, அந்தக் கணக்கிலிருந்து நிலத்தைக் கிரையம் வாங்கலாம். அப்போது 1-ஆம் புத்தகத்தில் டிரஸ்டின் பெயரும் டிரஸ்டியின் பெயரும் வரும். பயனாளி நீங்கள்தான் என்பது 4-ஆம் புத்தகத்தோடு நிற்கும். முத்திரைத் தீர்வை எந்தக் கிரையத்துக்கும் போல 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். டிரஸ்ட் என்பதற்காகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. முதலில் உங்கள் பெயரில் வாங்கிப் பிறகு டிரஸ்டுக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செலவு இரண்டு மடங்காகும், வில்லங்கச் சான்றிலும் உங்கள் பெயர் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டுக் கடைசியில் கிரையப் பத்திரத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. பத்திரம் எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் டிரஸ்ட் பத்திரத்தின் ஷரத்துகளை, பயனாளிகள் பட்டியல் உட்பட, முன்னுரையில் அப்படியே இறக்கிவிடுவார். அது 1-ஆம் புத்தகம்; அப்புறம் மறைக்க ஒன்றும் இருக்காது. டிரஸ்ட் பத்திரத்தின் எண், ஆண்டு, டிரஸ்டிக்குச் சொத்து வாங்க அதிகாரம் உண்டு என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். டிரஸ்டின் பெயரும் அப்படித்தான். ஹட்டியின் பெயரையோ பாட்டியின் பெயரையோ வைத்தால் பெரியப்பா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆதாரைக் காட்ட வேண்டிய இடத்தில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பத்திர நகல்கள் யார் யார் கைக்கோ போகின்றன.

சரி, இதில் ஆபத்து எங்கே? டிரஸ்ட் சட்டத்தின் 64-ஆம் பிரிவில். டிரஸ்டி நம்பிக்கைத் துரோகம் செய்து சொத்தை விற்றுவிட்டார், வாங்கியவர் நியாயமான விலை கொடுத்து, டிரஸ்ட் இருப்பதே தெரியாமல், நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்றால், பயனாளி அந்தச் சொத்தைத் துரத்திப் போக முடியாது. டிரஸ்டியிடம் நஷ்டம் கேட்கலாம், அவரிடம் அப்போது ஏதாவது மிச்சமிருந்தால். இதனால்தான் 'டிரஸ்டி' என்ற சொல் கிரையப் பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். பதிவான பத்திரத்தில் அது இருந்தால் பின்னால் வாங்குகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. ஆனால் டிரஸ்ட் என்ற சொல்லே ஊரில் சந்தேகத்தைக் கிளப்பும் என்று பயந்து, "அண்ணன் பெயரில் சும்மா வாங்கிப் போடுவோம், நமக்குள் ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொள்வோம்" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசமான யோசனை கிடையாது.

ஏனென்றால் அது பினாமி. 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் பல்லோடு வந்திருக்கிறது. ஒருவர் பணம், இன்னொருவர் பெயர், பலன் பணம் கொடுத்தவருக்கு என்றால் சொத்து பறிபோகும்; ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். அதற்கும் மேல், "உண்மையில் இது என் சொத்து" என்று நீங்கள் நீதிமன்றம் போகவே சட்டம் அனுமதிப்பதில்லை. அண்ணன் மனம் மாறினாலோ, அண்ணன் இறந்து அண்ணி மனம் மாறினாலோ, உங்களுக்கு வாசலே கிடையாது.

சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. டிரஸ்டியாக இருந்து இன்னொருவர் நலனுக்காக வைத்திருப்பது அதில் ஒன்று. ஒழுங்காக எழுதிப் பதிவு செய்த டிரஸ்ட் பினாமி ஆகாது என்பது இதனால்தான். தெரிந்த வருமானத்திலிருந்து கணவன், மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில் வாங்குவதும் விலக்கு. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தவர் விஷயத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே பணம் கொடுத்தவர் பெயரும் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் விலக்கு. "அம்மா பெயரில் வாங்கிவிட்டேன், பணம் என்னுடையது, வீடும் என்னுடையதுதான்" என்று சொல்கிற மகள்களும் மகன்களும் இந்த மலையில் ஏராளம். சட்டத்தின் கண்ணில் அது சிக்கலான இடம். பணத்தை அம்மாவுக்கு உண்மையாகவே தானமாகக் கொடுத்து, அம்மா தன் சொத்தாக வாங்கினால் அது சரி. ஆனால் அப்போது வீடு அம்மாவுடையது; உங்கள் தம்பிக்கு எழுதி வைக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. அம்மா உங்களுக்கு உயில் எழுதிப் பதிவு செய்தால், அவர் இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் கிடைக்காது. உயில்களுக்கு 3-ஆம் புத்தகம், அதற்கு இந்த மூடல் உண்டு. ஆனால் உயிலை மாற்றவும் முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

டிரஸ்டியாக யாரைப் போடுவது என்பதுதான் பத்திரத்தைவிடக் கடினமான வேலை. உறவினரைப் போட்டால் ரகசியம் உறவுக்குள் நுழைந்துவிடும். நண்பரைப் போட்டால் அவர் குடும்பத்துக்கு நாளை என்ன தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டிரஸ்டி வேலையையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு; 18 சென்டுக்கு அவர்கள் கட்டணம் கட்டுப்படியாகாது. நான் பொதுவாகச் சொல்வது இரண்டு டிரஸ்டிகள். டிரஸ்ட் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால் டிரஸ்ட் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும், ஒருவர் தனியாக விற்க முடியாது. விற்கவோ அடமானம் வைக்கவோ பயனாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றும், ஒரு டிரஸ்டி இறந்தால் அடுத்தவரை நியமிக்கும் அதிகாரம் உங்களுக்கு என்றும் எழுதிவிடுங்கள். பட்டாவும் "டிரஸ்டி" என்ற அடையாளத்தோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பெயர் மட்டும் ஏறிய பட்டா, அந்த டிரஸ்டி காலமான பிறகு அவர் பிள்ளைகள் கையில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் ஒரே பயனாளியாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் "சொத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடு" என்று டிரஸ்டியிடம் கேட்கும் உரிமை 56-ஆம் பிரிவில் உண்டு. அன்று இன்னொரு பத்திரம், அன்று உங்கள் பெயர் 1-ஆம் புத்தகத்தில் வரும். அதாவது இந்த மறைப்பு தள்ளிப்போடுகிற வேலைதான்.

யாரிடம் மறைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரித் துறையிடம் முடியாது: பெரிய கிரையங்களைப் பதிவுத் துறையே அவர்களுக்குத் தெரிவிக்கிறது, நீங்கள் திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட் என்றால் அதன் வருமானம் உங்கள் கணக்கில்தான் வரி கட்டப்படும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாமல் டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால், பொதுவாக உச்சபட்ச விகிதத்தில் வரி. வங்கியிடம் முடியாது: கணக்கு திறக்கும்போதே பணமோசடித் தடுப்பு விதிப்படி டிரஸ்டை உண்டாக்கியவர், டிரஸ்டி, 10 சதவீதமோ அதற்கு மேலோ பயன் உள்ளவர் என எல்லாரையும் கேட்பார்கள். நீதிமன்றத்திடம் முடியாது. கடன்காரர்களை ஏமாற்றச் சொத்தை மாற்றினால் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யலாம். ஜீவனாம்ச வழக்கில் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் அரசு ஊழியர் என்றால் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் இருக்கிறது. கேள்வியில் அதை எழுதவில்லை. டிரஸ்டால் நிற்கக்கூடியது அக்கம்பக்கத்துக் கண்ணும் உறவுக்காரர் நாக்கும் மட்டும்தான்.

"கம்பெனி போட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். கம்பெனியின் இயக்குநர், பங்குதாரர் விவரங்களை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அது இன்னும் திறந்த வீடு. விற்பவரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கி அப்படியே வைத்திருப்பது உரிமையே ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி மலை விஷயம். சட்டப் புத்தகத்தில் சரியாக இருக்கிற திட்டம் நீலகிரியில் வேறு காரணத்தால் குலையும், அதற்குப் பெயர் கூட்டுப் பட்டா. நீங்கள் வாங்கப் போகும் 18 சென்ட் தனிப் பட்டாவா, அல்லது நாலைந்து பங்காளிகள் பெயர் சேர்ந்த பட்டாவில் ஒரு பகுதியா? இரண்டாவது என்றால் மற்றப் பங்காளிகளைக் கேட்காமல் தைரியமாக வாங்க முடியாது. உட்பிரிவு செய்ய சர்வேயர் வருவார், சங்கிலி பிடிக்கும்போது அக்கம்பக்கம் கூடும். விற்கிறவரின் மைத்துனர் உங்கள் சித்தப்பாவோடு ஒரே தேயிலை ஃபேக்டரிக்கு இலை போடுகிறவராக இருந்தால் அன்று மாலையே செய்தி கட்டபெட்டு தாண்டிவிடும். எந்த டிரஸ்டும் அதைத் தடுக்காது.

வாங்கிய பிறகும் அப்படித்தான். இந்த மாவட்டத்தில் ஜேசிபி இறக்கவோ ஆழ்துளைக் கிணறு போடவோ அனுமதி கேட்க வேண்டும். மரம் வெட்டுவதற்கு 1955-இலிருந்தே மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைத்தால் வரைபட அனுமதி, வீட்டு வரி, மின் இணைப்பு என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் டிரஸ்டி கையெழுத்துப் போட வேண்டும். அவர் கோயம்புத்தூரில் இருந்தால் ஒவ்வொரு முறையும் மலையேறி வர வேண்டும். அதைத் தவிர்க்க நீங்களே ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால் ரகசியம் எங்கே இருக்கும்? வீட்டுக் கடன் தேவைப்பட்டால் அதுவும் இடிக்கும். தனியார் டிரஸ்டுக்கு வீட்டுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன.

அத்தை மகனைக் கூடுதல் பயனாளியாகவோ பணம் போடுபவராகவோ சேர்க்கும் எண்ணம் இருந்தால், வேண்டாம். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டைச் சுற்றியுள்ள அந்தச் சென்டுகள் வருவாய்க் கணக்கில் தேயிலை என்று இருந்தால் டிரஸ்ட் வழியாகச் சுற்றிப் போவது அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் நிலையில் நான் டிரஸ்ட் போடமாட்டேன். நீங்கள் அஞ்சுவது தாத்தா தோட்டத்தில் பங்கு குறைந்துவிடுமோ என்று. சட்டப்படி உங்களுக்கு அங்கே பங்கு இருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கியதால் அதில் ஒரு சென்ட்கூடக் குறையாது. நீங்கள் வாங்கியதில் பெரியப்பாவுக்குப் பங்கும் கிடையாது. "அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே" என்பது திண்ணைப் பேச்சு, அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. பாகப்பிரிவினை இன்னும் சில மாதங்களில் முடிந்துவிடும் என்றால், விற்பவரோடு கிரைய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்து, கிரையத்தை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம்; செய்தால் அதுவும் வில்லங்கத்தில் தெரியும். பதியாமல் விட்டால் விற்பவரின் நாணயத்தை நம்பியாக வேண்டும். எதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பது உங்கள் முடிவு.

டிரஸ்ட் உண்மையிலேயே பொருந்துகிற குடும்பங்கள் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கிறது, பெற்றோருக்குப் பிறகு யாரும் அந்த வீட்டை எழுதி வாங்கிவிடக் கூடாது என்கிற இடத்தில் நானே வற்புறுத்தி எழுதச் சொல்வேன். அங்கே பெயர் வெளியே தெரிந்தாலும் கவலையில்லை.

எதற்கும் வக்கீலுக்கு டிரஸ்ட் பத்திரக் கட்டணம் கொடுப்பதற்கு முன், விற்பவரின் பட்டா நகலையும் முப்பது வருட வில்லங்கத்தையும் எடுத்துப் பாருங்கள். பட்டாவில் ஒன்றுக்கு மேல் பெயர் இருந்தால் டிரஸ்ட் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு, மற்றப் பங்காளிகளின் கையெழுத்தை எப்படி வாங்குவது என்று பாருங்கள்.